ஒரே அர்த்தம்னா எந்த வார்த்தையையும் போடலாமா?

கேள்வி: என் பொண்ணு பத்தாவது படிக்கிறா. கட்டுரையில ஒரே வார்த்தை திரும்பத் திரும்ப வரக்கூடாதுன்னு, ஒரு வரியில காலமானார், அடுத்த வரியில மறைந்தார், அதுக்கடுத்து மடிந்தார்னு மாத்தி மாத்தி எழுதுறா. கேட்டா எல்லாம் ஒரே அர்த்தம்தானம்மாங்கிறா. சரியா?
- வாசகி, மேலூர்

பதில்: சரியில்லம்மா, மடிந்தார்னா போர்ல, பஞ்சத்துல கூட்டங்கூட்டமா போறதுக்குத்தான் பொருந்தும், வீட்டுல வயசாகிப் போன தாத்தாவுக்குப் பொருந்தாது. பொண்ணைக் கூட்டிட்டுப் போயி உங்க ஊர் சுவத்துல ஒட்டியிருக்கிற கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் படிக்கச் சொல்லுங்க. ஒரு வீட்டுல இறைவனடி சேர்ந்தார்னு போட்டிருப்பாங்க, பகுத்தறிவு பேசுற வீடுன்னா இயற்கை எய்தினார், கிறிஸ்தவங்க வீட்டுல கர்த்தருக்குள் நித்திரையடைந்தார், முஸ்லிம் வீட்டுல வஃபாத்தானார். சேதி ஒண்ணுதான், ஆனா போனவர் எதை நம்பி வாழ்ந்தார்ங்கிறது அந்த வார்த்தையிலயே வந்துருது, மாத்திப் போட்டா அந்த வீட்டு மனசு நோகும். நாமளும் அம்மாச்சி தவறிட்டாகன்னுதான சொல்றோம், செத்துட்டாகன்னு வாய் வருமா? இப்படிச் சொல்றதை நன்னூல் மங்கலம்னே தனியா வகைப்படுத்தி வச்சிருக்கு.

பூவுக்கும் அதே கதைதான். அரும்பு, போது, மலர் எல்லாம் பூதான்னு எழுதிட்டுப் போயிரலாம், ஆனா 'காலை அரும்பிப் பகலெல்லாம் போதாகி மாலை மலரும்'னு காதல் நோயைச் சொல்ற குறள்ல ஒரு வார்த்தையை இடம் மாத்திப் பாருங்க, ஒரு நாள் முழுக்க வளர்ந்த நோய் அப்படியே சிதைஞ்சு போகும். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுல மல்லி வாங்குறவங்களுக்கு இது நல்லாவே தெரியும், காலையில மொட்டா வாங்குனாத்தான் சாயங்காலம் தலையில விரியும், விரிஞ்சதை யாரு வாங்குவா?

அதனால பொண்ணுகிட்ட, இறந்தார்னு ரெண்டு தடவை வந்தாலும் தப்பில்ல, பொருந்தாத வார்த்தை வர்றதுதான் தப்புன்னு சொல்லுங்க. ரொம்ப உறுத்துனா வார்த்தையை விட்டுட்டு வாக்கியத்தை மாத்தட்டும், 'அவர் போன பிறகு'ன்னு ஆரம்பிச்சா வேலை முடிஞ்சது.

கேள்வி: சென்னையில ரூம்ல 'பையப் போடா'ன்னு சொன்னா சிரிக்கிறாங்க. மெதுவான்னு மாத்திக்கணுமா?
- வாசகர், உசிலம்பட்டி

பதில்: எதுக்கு தம்பி மாத்தணும்? சம்பந்தர் மதுரையில தங்கியிருந்த மடத்துக்குத் தீ வச்சப்போ அவர் பாடுன தேவாரத்துல, அந்தத் தீ 'பையவே சென்று பாண்டியற்கு ஆகவே'ன்னு வருது. ஏன் பையன்னா, ராணி மங்கையர்க்கரசியோட தாலிக்குப் பங்கம் வரக்கூடாதுன்னு சேக்கிழார் காரணம் சொல்றார். மெதுவான்னா வேகம் மட்டுந்தான். படியில எறங்குற பேரனை நம்ம ஊர்ப் பாட்டி 'பைய, பைய'ங்கும்போது அதுல பத்திரமும் சேந்து வருது. ஆபீஸ் லெட்டர்ல மெதுவாகன்னு எழுதிக்கங்க, ரூம்ல பையன்னே பேசுங்க, கேக்குறவங்களுக்குப் பழகிரும்.