சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறலாமா?

கேள்வி: எனக்கு வயது 51. இடுப்புச் சுற்றளவு 92 செ.மீ., வெறும் வயிற்றில் சர்க்கரை 112, ரத்த அழுத்தம் 138/88, டிரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள ஒரு வகைக் கொழுப்பு) 210. இதற்கு ‘மெட்டபாலிக் சிண்ட்ரோம்’ என்று பெயர் சொன்னார் மருத்துவர். லூதியானாவில் வேலை பார்க்கும் என் தம்பிக்கும் இதே தொந்தரவு. அங்கே அவனுக்குக் கொடுத்த உணவு அட்டவணையை எனக்கும் அனுப்பியிருக்கிறான். அதில் சோறும் இல்லை, மீனும் இல்லை. சப்பாத்தி, பனீர், ராஜ்மா, தயிர் என்றே இருக்கிறது. நான் அதற்கு மாற வேண்டுமா?
— ஒரு வாசகி, மண்டபம்

பதில்: தேவையில்லை. இடுப்புச் சுற்றளவு (நம் நாட்டுப் பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 செ.மீ. அல்லது அதற்கு மேல்), சர்க்கரை, ரத்த அழுத்தம், டிரைகிளிசரைடு, நல்ல கொழுப்பு ஆகிய ஐந்தில் மூன்று எல்லை தாண்டினாலே இந்தப் பெயர் வந்துவிடும், உங்களுக்கு நான்கு தாண்டியிருக்கின்றன. அக்காவுக்கும் தம்பிக்கும் குறைபாடு ஒன்றுதான் என்றாலும், அது வந்த வழி இரண்டு தட்டுகளிலும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அங்கே நெய்யும் பரோட்டாவும் பால் கொழுப்பும் கவனிக்க வேண்டியவை. இங்கே கவனிக்க வேண்டியவை சோற்றின் அளவும் உப்பும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ‘இண்டியாப்’ ஆய்வில், உணவு பற்றிய முடிவுகள் 2025-இல் வெளிவந்தன. நாம் உண்ணும் கலோரியில் சராசரியாக 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்றும், தெற்கில் அது வெள்ளை அரிசியாகவும் வடக்கில் கோதுமையாகவும் இருக்கிறது என்றும் அது காட்டியது. அரிசிக்குப் பதில் கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ வைப்பதால் மட்டும் நீரிழிவு அபாயம் குறைவதாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு பங்கைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, பால், முட்டை, மீன் ஆகியவற்றின் புரதம் வந்தபோதுதான் அபாயம் குறைவாக இருந்தது. ஆகவே ஒரு வேளைக்கு ஓர் ஆழாக்கு அரிசி வடிப்பவர் அதை அரை ஆழாக்காக்கி, தட்டில் காலியான இடத்தை மீனாலும் காயாலும் நிரப்பினால் போதும்.

மீனை விடச் சொல்லும் அட்டவணை கடற்கரைக்காரருக்கு எழுதப்பட்டதன்று. சாளை (மத்தி) மீனில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு டிரைகிளிசரைடைக் குறைக்கத் துணை செய்வது. விலையோ வஞ்சிரத்தின் பக்கம்கூட வராது. குழம்பாகவோ அவியலாகவோ உண்ணுங்கள். சட்டி நிறைய எண்ணெயில் பொரித்தால் பாதிப் பயன் போய்விடும்.

கருவாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் எனக்குக் கவலை அதில்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்க, காலையில் பழைய சோற்றுக்குச் சுட்ட கருவாடு, மதியம் கருவாட்டுக் குழம்பு, தொட்டுக்கொள்ள ஊறுகாய் என்று நாள் ஓடும் வீடுகள் உண்டு. உப்புக் கருவாட்டை விரலால் தடவினாலே வெள்ளையாக ஒட்டும். ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராமுக்குள் உப்பு, அதாவது தலை தட்டிய ஒரு தேக்கரண்டி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. 138/88 உள்ளவர் இதைக் கணக்கில் வைத்தே ஆக வேண்டும். கருவாட்டைச் சுடுநீரில் ஊறவைத்து, இரண்டு முறை அலசி, அந்த நீரைக் கொட்டிவிடுங்கள்; உப்பு ஓரளவு இறங்கும். குழம்பில் மொச்சையும் கத்தரிக்காயும் கூட இருக்கட்டும், கருவாடு ஒரு துண்டு போதும், தனியே உப்பு வேண்டாம். நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லையாதலால், பச்சை மீன் அந்த மாதங்களிலும் கொஞ்சம் கிடைக்கவே செய்யும்.

தம்பியின் அட்டவணையில் எடுத்துக்கொள்ளத்தக்கது ராஜ்மாவும் தயிரும். ராஜ்மாவைத் தேடி அலைய வேண்டாம். மொச்சை, தட்டைப்பயறு, கொல்லை முருங்கைக்கீரை இருக்கின்றன. மாத்திரை ஏதேனும் எழுதிக்கொடுத்திருந்தால், மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

கேள்வி: சீனியை விட்டுக் கருப்பட்டிக் காபிக்கு மாறிவிட்டேன். சர்க்கரை இறங்குமா?
— ஒரு வாசகர், சாயல்குடி

பதில்: நம் பனங்காட்டுக் கருப்பட்டியின் மணத்துக்கு நானும் அடிமைதான். ஆனால் அதிலும் பெரும்பங்கு அதே சர்க்கரைதான் என்பதால், சீனி போட்ட அளவுக்குக் கருப்பட்டி போட்டால் இறங்காது. எத்தனை காபி என்று நீங்கள் எழுதவில்லை. நான்கென்றால், முதலில் இரண்டாக்குங்கள்.