பாதப் பட்டை, ஈயச் சொம்பு, சிவப்பழகு கிரீம்: உடம்பில் தங்கும் நஞ்சு பற்றிய கேள்விகள்

கேள்வி: உடம்பில் சேர்ந்திருக்கும் உலோக நஞ்சை ஒரே இரவில் உறிஞ்சி எடுக்கும் என்று பாதத்தில் ஒட்டும் பட்டைகளை விற்கிறார்கள். என் கணவர் ஒரு பெட்டி வாங்கிவிட்டார். காலையில் எடுத்துப் பார்த்தால் நிஜமாகவே கறுத்திருக்கிறது. தொடர்ந்து வாங்கலாமா? – வாசகி, ஈரோடு

பதில்: வேண்டாம். அந்தப் பட்டைகளுக்குள் பெரும்பாலும் இருப்பது மரக்காடித் தூள், அதாவது மரத்தை எரித்த புகையிலிருந்து எடுக்கும் புளிப்பு நீரின் பொடி. ஈரம் பட்டாலே கறுக்கும். பயன்படுத்தாத ஒரு பட்டையை இட்லிப் பானை ஆவியில் கொஞ்ச நேரம் காட்டுங்கள், யார் காலிலும் ஒட்டாமலே அதே கறுப்பு வரும். இப்படிப்பட்ட பட்டைகளை விற்றவர்கள் மீது அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2009இல் வழக்குத் தொடர்ந்தது.

காரீயமும் (லெட்) பாதரசமும் முக்கியமாகச் சிறுநீர், மலம் வழியாகத்தான் வெளியேறும், அதுவும் மெதுவாக. அதை வேகப்படுத்தும் கீலேஷன் மருந்துகள் உண்டு. ஆனால் அவை ரத்தத்தில் அளவு மிக அதிகமாக இருப்பவர்களுக்கு மருத்துவரின் கண்காணிப்பில் கொடுப்பவை. பட்டை, பொடி, டீத்தூள் எதுவும் அந்த வேலையைச் செய்யாது. செலவழிப்பதென்றால் நஞ்சு உள்ளே வரும் வழியை அடைக்கச் செலவழியுங்கள்.

கேள்வி: அம்மா வீட்டு ஈயச் சொம்பு அடுப்பில் உருகிப்போனதால் ஆன்லைனில் புதிதாக ஒன்று வாங்கினேன். அதில் வைத்த ரசத்தைத்தான் என் ஒன்றரை வயதுக் குழந்தைக்கும் சோற்றில் பிசைந்து ஊட்டுகிறேன். இதில் விஷம் இருக்கலாம் என்று தோழி பயமுறுத்துகிறாள். – வாசகி, திருச்சி

பதில்: தோழி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ரசச் சொம்பு செய்ய வேண்டியது வெள்ளீயத்தில் (டின்). அது விலை கூடிய உலோகம். நஞ்சான காரீயம் மலிவு, அதுவும் எளிதில் உருகும், வார்த்துவிட்டால் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. கலப்படம் செய்ய இதைவிட வசதியான பாத்திரம் கிடையாது. புளியும் தக்காளியும் சேர்ந்து கொதித்தால் அந்தப் புளிப்பில் காரீயம் கரைந்து ரசத்தில் இறங்கும். நிறமோ ருசியோ காட்டிக் கொடுக்காது.

குழந்தையை நினைத்துத்தான் எனக்குக் கவலை. பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகக் காரீயத்தைக் குழந்தையின் குடல் உறிஞ்சும். இரும்புச்சத்தும் கால்சியமும் குறைவாக இருந்தால் இன்னும் கூடும். ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். எலும்புக்குள் போய்விட்டால் பத்து, இருபது ஆண்டுகள்கூடத் தங்கும். கால்சியம் என்று நினைத்து எலும்பு அதைச் சேர்த்துவைக்கிறது. பிற்காலத்தில் கர்ப்ப காலத்தில் அந்த எலும்பு கரையும்போது காரீயமும் ரத்தத்துக்குத் திரும்பி வயிற்றுப் பிள்ளைக்குப் போகும். இவ்வளவு வரை பாதுகாப்பு என்று காரீயத்துக்கு ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். சொம்பை எடை போடுங்கள். விளிம்பு வரை தண்ணீர் நிரம்பிய பாத்திரத்துக்குள் காற்று தங்காமல் அதை முழுக்க முக்கி, வழிந்த நீரை அளந்துகொள்ளுங்கள். 800 கிராம் சொம்பு சுத்த வெள்ளீயம் என்றால் சுமார் 110 மில்லி வழியும், முழுக் காரீயம் என்றால் 70 மில்லிதான். சொம்பின் ஓரத்தை வெள்ளைத் தாளில் அழுத்தி இழுத்தும் பாருங்கள். பென்சில் கோடு மாதிரி சாம்பல் நிறத்தில் விழுந்தால் சந்தேகம் வலுக்கிறது. ஆனால் கொஞ்சமாகக் கலந்திருந்தால் இவை இரண்டும் பிடிக்காது. அதனால் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் உலோகப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். முடிவு வரும்வரை ரசம் எவர்சில்வரில் கொதிக்கட்டும்.

குழந்தைக்கு ரத்தத்தில் காரீய அளவு பார்க்கும்படி குழந்தைகள் மருத்துவரிடம் கேளுங்கள். சாதாரண ரத்தப் பரிசோதனையில் இது வராது, தனியாக எழுதித் தர வேண்டும். காரீயம் உறுதியானால் பில்லையும் ஆய்வறிக்கையையும் வைத்து விற்றவரிடம் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு.

கேள்வி: கல்யாணத்துக்கு முன் முகம் பளிச்சென்று ஆக ஃபேன்சி ஸ்டோரில் ஒரு கிரீம் வாங்கினேன். இரண்டே வாரத்தில் நல்ல நிறம் வந்தது. இப்போது காலையில் கண்ணைச் சுற்றி வீங்குகிறது, சிறுநீர் நுரைக்கிறது. கிரீம் காரணமாக இருக்குமா? – வாசகி, கோவை

பதில்: இருக்கலாம். இன்றே நிறுத்துங்கள். நாளைக்கே சிறுநீரில் புரதம் பார்த்துக்கொண்டு, கிரீம் டப்பாவுடன் சிறுநீரக மருத்துவரைப் பாருங்கள். இப்படிப்பட்ட சில கிரீம்களில் பாதரசம் கலந்திருக்கும். அது தோலில் நிறமி உருவாவதைத் தடுக்கும். அந்த வேகமான பளபளப்பு அதனால்தான் வருகிறது. தோல் வழியாக உள்ளே போகும் பாதரசம் சிறுநீரகத்தில் தங்கும். 2023இல் கேரளாவின் மலப்புரம் மாவட்டத்தில் இப்படிச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களை மருத்துவர்கள் கண்டறிந்தபோது, பின்னணியில் இருந்தவை சிவப்பழகு கிரீம்கள். கிரீமை நிறுத்திச் சிகிச்சை எடுத்தவர்களில் பலர் தேறினார்கள். நீங்கள் தள்ளிப்போடாதீர்கள், அவ்வளவுதான்.

அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். உள்நாட்டுத் தயாரிப்பு என்றால் உரிம எண், வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதிப் பதிவு எண்ணும் இறக்குமதி செய்தவரின் முகவரியும் இருக்க வேண்டும். பாதரசத்தைக் குறிக்கும் ‘மெர்குரி’, ‘கலோமெல்’, ‘எச்ஜி’ (Hg) என்ற சொற்களைத் தேடுங்கள். தங்கம், வெள்ளி நகையில் படாமல் பூசவும் என்று எழுதியிருந்தால் வாங்கவே கூடாது. பாதரசம் தங்கத்தில் ஒட்டி அதை வெளுக்கச் செய்யும் என்பதால் வரும் எச்சரிக்கை அது. உங்கள் துண்டு, தலையணை உறை மூலமாக வீட்டுக் குழந்தைகளுக்கும் பாதரசம் போகும், தனியாகத் துவையுங்கள். டப்பாவைக் குப்பையில் போடாமல் பிளாஸ்டிக் பையில் இறுக்கமாகக் கட்டிவையுங்கள். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் புகார் கொடுக்க அதுதான் ஆதாரம்.

கேள்வி: நான்ஸ்டிக் தவாவில் கீறல் விழுந்துவிட்டது. உதிரும் துகள் வயிற்றில் தங்குமா? – வாசகர், மதுரை

பதில்: தங்காது. அப்படியே வெளியேறிவிடும். உடம்பில் ஆண்டுக்கணக்கில் தங்குவது, முன்பு அந்தப் பூச்சைத் தயாரிக்கப் பயன்படுத்திய பி.எஃப்.ஓ.ஏ. என்ற ரசாயனம். அதை 2019இல், நெடுநாள் நிலைக்கும் நச்சு ரசாயனங்களுக்கான சர்வதேச ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். தவா பழையதாக இருந்தால் மாற்றிவிடுங்கள். புதிது நான்ஸ்டிக்காகவே வேண்டும் என்றால் வெறும் தவாவைப் பெரிய தீயில் காயவைக்காதீர்கள். 260 டிகிரி தாண்டினால் பூச்சு சிதையத் தொடங்கும். தோசைக்கு மட்டும்தான் என்றால் எண்ணெய் காட்டிப் பழக்கிய இரும்புக் கல்லையே நான் சிபாரிசு செய்வேன்.