எட்டு மணித்தியாலம் படுத்தும் பகல்ல ஏன் தூங்கி வழியுது?

அக்கா, உங்கட அவர் ராவு பத்துக்குப் படுத்து ஆறுக்கு எழும்பியும் கடையில கணக்குப் பிழைக்குது, சும்மா எரிஞ்சு விழுறார், குறட்டையும் பெரிசு, ஏன் எண்டு கேட்டிருந்தீங்க. ஸ்லீப் அப்னியாவா, அதாவது நித்திரையில மூச்சு நிண்டு நிண்டு வாற வருத்தமா இருக்கலாம், கட்டாயம் பாருங்க.

நித்திரையில தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப் பாதை அடைபடும், 10 செக்கனோ அதுக்கு மேலயோ மூச்சு நிக்கும், ரத்தத்தில ஒக்சிஜன் இறங்கும், உடனே மூளை அரைகுறையா முழிச்சு மூச்ச இழுக்க வைக்கும், ஆனா விடிய அவருக்கு ஒண்டுமே ஞாபகம் இருக்காது. மணித்தியாலத்துக்கு 30 தரமோ கூடவோ நடந்தா கடுமை எண்டு சொல்லுவாங்க. நித்திரை இப்பிடித் துண்டு துண்டாப் போனா கவனம், ஞாபகம், பொறுமை எல்லாம் அடிபடும், அது சோம்பலில்ல, தயவுசெய்து அவர ஏசாதீங்க.

எங்கட அப்பாக்கும் இதுதான். குறட்டை டக்கெண்டு நிண்டிரும், அம்மா எழும்பி நெஞ்சில கை வச்சுப் பாத்துக்கொண்டிருப்பா, பிறகு திணறி ஒரு இழுவை. ஒருநாள் கல்லடிப் பாலத்தில மோட்டச்சைக்கிள் ஓடக்குள்ள கண் சொருகிட்டுது, அதுக்குப் பிறகுதான் டொக்டர்ட்டப் போனம்.

அவர் நித்திரை கொள்ளக்குள்ள போன்ல வீடியோ எடுத்து டொக்டருக்குக் காட்டுங்க, ஸ்லீப் ஸ்டடி, அதாவது நித்திரையில மூச்சையும் ஒக்சிஜனையும் அளக்கிற சோதனை செய்யச் சொல்லுவாங்க. இந்த வருத்தத்துக்குக் குடுக்கிற சீபாப் மெஷின், முகத்தில மாட்டுற மாஸ்க் வழியா வாற காத்தழுத்தத்தால தொண்டைய திறந்து வச்சிருக்கும், 1981ல சிட்னியில கொலின் சல்லிவன் எண்ட டொக்டர் கொண்டு வந்தது. உடம்பு கூடவெண்டா குறைக்கோணும், ராவில சாராயம் வேணாம். வைத்தியம் சரிவரும்வரைக்கும் தூரப் பயணம் அவர ஓட விடாதீங்க அக்கா.