குழாய்வழி உணவு: டின்னை மாற்றும் முன்பு
வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: பக்கவாதம் வந்த மாமாவுக்கு மூக்குக் குழாயில் டின்னில் வரும் சத்துப் பவுடரைக் கரைத்துக் கொடுக்கிறோம். ஒரு வாரமாக வயிற்றுப்போக்கு, தினமும் நாலைந்து தடவை. ‘பெப்டைட்’ பவுடருக்கு மாறுங்கள் என்கிறார் மருந்துக்கடைக்காரர். விலை பல மடங்கு. மாறலாமா?
(வாசகி, அம்பாசமுத்திரம்)

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் மருந்துப் பையைக் கொட்டிப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் மலச்சிக்கலுக்குத் தொடங்கிய லாக்டுலோஸ் வீட்டிலும் தொடர்கிறதா? இருமல், காய்ச்சல், பொட்டாசியம் சிரப்புகள் பலவற்றில் இனிப்புக்குச் சார்பிட்டால் சேர்ப்பார்கள். அது குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியாக்கும். ஆன்டிபயாடிக் ஓடிக்கொண்டிருந்தாலும், சமீபத்தில் முடிந்திருந்தாலும் அதுவும் காரணமாகலாம். மருந்துகளை நீங்களாக நிறுத்தாமல், சீட்டோடு டாக்டரிடம் காட்டுங்கள்.

அடுத்தது கரைக்கும் விதம். காலையில் ஒரு செம்பு நிறையக் கரைத்து மூடி வைத்து, சாயங்காலம் வரை கொடுக்கும் வழக்கம் நம் பக்கம் நிறைய உண்டு. கரைத்த பவுடர் வெளியில் நான்கு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. அக்னி நட்சத்திரத்தில் அதையும் நம்ப வேண்டாம், வேளைக்கு வேளை கரையுங்கள். ஃபிரிட்ஜில் மூடி வைத்தால் 24 மணி நேரம் இருக்கும். நடுவில் நெடுநேரம் கரண்ட் போயிருந்தால் கொட்டிவிடுங்கள். கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். சத்து கூடட்டும் என்று பாலில் கரைப்பவர்களும் உண்டு. பெரும்பாலான பவுடர்களில் பாலின் சர்க்கரையான லாக்டோஸ் இருக்காது. பாலை ஊற்றி நாமே அதைச் சேர்த்தால், பால் ஒத்துக்கொள்ளாதவருக்குப் பேதியாகும். ஸ்பூன் கணக்கு ஒவ்வொரு டின்னுக்கும் வேறு. பழைய டின்னின் ஸ்பூனைப் புது டின்னில் போடக் கூடாது.

சிரிஞ்சின் தண்டை வைத்து அழுத்தித் தள்ளுகிறீர்களா? தண்டை எடுத்துவிட்டு, சிரிஞ்சைப் புனல் போலப் பிடித்துத் தானாக இறங்க விடுங்கள். 200 மி.லி. இறங்க 20 நிமிடமாவது ஆகட்டும். ஃபிரிட்ஜில் இருந்து எடுத்ததைச் சில்லென்று ஊற்றக் கூடாது. தலைமாட்டை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி, கொடுத்து முடித்த பிறகும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் அப்படியே வைத்திருங்கள். இது பேதிக்காக அல்ல, உணவு மேலேறி நுரையீரலுக்குள் போகாமல் இருப்பதற்கு.

பெப்டைட் பவுடரில் புரதத்தை முன்பே சிறு துண்டுகளாக உடைத்திருப்பார்கள். கொழுப்பில் ஒரு பங்கு எளிதில் உறிஞ்சப்படும் வகை. கணையம் கெட்டவர்கள், குடலின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தவர்கள், எண்ணெய் மிதக்கும் மலம் போகிறவர்கள் ஆகியோருக்கு அது கை கொடுக்கும். பக்கவாதத்தில் பழுதாவது விழுங்கும் திறன். குடல் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். மேலே சொன்னதையெல்லாம் சரிசெய்தும் பேதி நிற்காவிட்டால் மாற்றத்தைப் பற்றி டாக்டரிடம் பேசுங்கள். அதுவரை உணவை அடியோடு நிறுத்த வேண்டாம். அளவைக் குறைத்து, வேளையைக் கூட்டுங்கள். மலத்தில் ரத்தம், காய்ச்சல், சிறுநீர் குறைவு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

கேள்வி: அம்மாவுக்கு வயிற்றில் குழாய். டின் கட்டுப்படியாகாமல் கஞ்சி, பருப்புத் தண்ணி, இளநீர் என்று ஆறு வேளை கொடுக்கிறோம். நன்றாகச் செமிக்கிறது, ஆனால் மெலிந்துகொண்டே போகிறார்.
(வாசகர், சங்கரன்கோவில்)

பதில்: செமிப்பது வேறு, போதுவது வேறு. குழாயில் இறங்கும் அளவுக்கு நீர்த்த 200 மி.லி. கஞ்சியில் சுமார் 20 கிராம் அரிசிதான் இருக்கும். அதாவது 70 கலோரி, ஒன்றரை கிராம் புரதம். ஆறு வேளையும் கஞ்சியே கொடுத்தாலும் 420 கலோரி, 9 கிராம் புரதம். 50 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 1250 முதல் 1500 கலோரியும், 50 முதல் 60 கிராம் புரதமும் வேண்டும். பருப்புத் தண்ணியில் பருப்பு எங்கே இருக்கிறது? இளநீரும் பெரும்பாலும் தண்ணீர்தான். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு அதன் பொட்டாசியம் ஆபத்தும்கூட.

முடிந்தால் மூன்று வேளையாவது டின் பவுடர் கொடுங்கள். மீதி வேளைக்குக் கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி, கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும், முளைகட்டி உலர்த்தி அரைத்த கேழ்வரகு மாவு ஒரு டீஸ்பூன் கலந்து, இன்னொரு கொதி விட்டு இறக்குங்கள். அந்த மாவு கஞ்சியை இளக்கிவிடும். தண்ணீர் சேர்க்காமலே குழாயில் இறங்கும். ஒரு டீஸ்பூன் எண்ணெய் 45 கலோரி. நன்றாக வேகவைத்த முட்டையை மிக்ஸியில் அடித்து வடிகட்டிச் சேர்த்தால் 6 கிராம் புரதம். பச்சை முட்டை கூடவே கூடாது. அக்கம்பக்கத்தில் கருப்பட்டி போடச் சொல்வார்கள். சர்க்கரை நோயாளிக்கு அதுவும் சர்க்கரைதான்.

ஆனால் பல வாரம் அரைப்பட்டினியாகக் கிடந்தவருக்கு ஒரே நாளில் முழு அளவைக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் சட்டென்று இறங்கி இதயமே தடுமாறலாம். தொடங்கும் முன் டாக்டரிடம் காட்டி ரத்தம் பரிசோதித்து, அவர் சொல்லும் படிக்குச் சில நாட்களில் ஏற்றுங்கள். எடை பார்க்க முடியாத படுக்கை நோயாளிக்கு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை மேல்கையின் நடுச்சுற்றளவை டேப்பால் அளந்து குறித்து வையுங்கள். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ செவிலியர் வீட்டுக்கு வந்தால் அந்த நோட்டைக் காட்டலாம்.

கேள்வி: வயிற்றுக் குழாய் அடிக்கடி அடைத்துக்கொள்கிறது. கம்பி விட்டுக் குத்தலாமா?
(வாசகர், வள்ளியூர்)

பதில்: கூடாது, குழாய் கிழியும். 50 மி.லி. சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீர் ஏற்றி, மெல்லத் தள்ளி மெல்ல இழுங்கள். சின்ன சிரிஞ்சில் அழுத்தம் அதிகம், அதுவும் வேண்டாம். ஒவ்வொரு உணவுக்கு முன்னும் பின்னும் 30 மி.லி. தண்ணீர் விட்டால் பெரும்பாலும் அடைக்காது. மாத்திரைகளைத் தனித்தனியாகப் பொடித்துக் கரைத்துக் கொடுங்கள், உணவோடு கலக்காதீர்கள். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையைப் பொடிக்கவே கூடாது.

குழாய் கழன்று விழுந்துவிட்டால் நீங்களே திரும்பச் செருகாதீர்கள். துளை சில மணி நேரத்திலேயே சுருங்கத் தொடங்கும். இரவானாலும் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கோ, குழாய் வைத்த இடத்துக்கோ கிளம்பிவிடுங்கள். விழுந்த குழாயையும் கையோடு எடுத்துப் போங்கள், அதன் அளவு அதிலேயே அச்சிட்டிருக்கும்.