பதில்: எலிக் கல்லீரல் மாதிரிகள் ஏன் இரண்டாகப் பிரிகின்றன?

மரபணு வெளிப்பாட்டை அளந்தபோது சிகிச்சை தராத கட்டுப்பாட்டு எலிகளின் கல்லீரல் மாதிரிகளே இரண்டு கூட்டமாகப் பிரிகின்றன, கொலஸ்ட்ரால் மரபணுக்களும் ஒத்துப்போகவில்லை என்று கேட்டிருந்தீர்கள். ஆர்என்ஏ (மரபணுவின் வேலை நகல்) தரம் நன்றாக இருந்தும் இப்படிப் பிரிவதற்குக் காரணம், பெரும்பாலும், ஆணையும் பெண்ணையும் கலந்து எடுத்ததுதான். மாதிரிகளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

ஆண் எலியில் வளர்ச்சி ஹார்மோன் விட்டுவிட்டுச் சுரக்கும். பெண்ணில் ஏறக்குறைய தொடர்ந்து சுரக்கும். அந்த ஹார்மோன் தூண்டிவிடும் ஸ்டாட்5 புரதம் அந்தத் தாளத்தையே பின்பற்றுவதால் குரோமாட்டின் (புரதங்களில் சுற்றப்பட்ட டிஎன்ஏ) திறக்கும் இடங்களும் மாறுகின்றன. பெண் கல்லீரலில் ஓங்கி வெளிப்படும் பல மரபணுக்களை ஆணில் எச்3கே27 மெத்தில் குறி (டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதத்தில் ஒட்டும் வேதிக் குறி) அடக்கி வைக்கிறது. கொலஸ்ட்ராலைப் பித்த அமிலமாக்கும் மாற்றுப் பாதையிலுள்ள சைப்7பி1 மரபணுவின் வெளிப்பாடு ஆணில்தான் அதிகம். அதனால் உங்கள் கொலஸ்ட்ரால் மரபணுக்கள் ஒத்துப்போகாததில் வியப்பில்லை.

1. எக்ஸிஸ்ட், டிடிஎக்ஸ்3ஒய் என்ற இரண்டு மரபணுக்களின் அளவைப் பாருங்கள். முன்னது பெண்ணில், பின்னது ஆணில் மட்டும் தெரியும்.

2. பிரிவு அதோடு பொருந்தினால், பாலினத்தைப் புள்ளியியல் சமன்பாட்டில் சேர்த்துவிடுங்கள். சிகிச்சையோடு அதன் இடைவினையையும் (சிகிச்சையின் விளைவு ஆணிலும் பெண்ணிலும் வேறுபடுகிறதா என்பதையும்) சேர்ப்பது நல்லது.

பொருந்தாவிட்டால் கல்லீரல் எடுத்த நேரத்தைப் பாருங்கள். பித்த அமிலம் உருவாக்கும் முதன்மைப் பாதையின் மரபணுவான சைப்7ஏ1 நாளின் பொழுதுக்கேற்ப ஏறி இறங்கும்.

ஆனால் சிகிச்சை பெற்ற குழு, கட்டுப்பாட்டுக் குழு இரண்டில் ஒன்று முழுக்க ஆண், மற்றது முழுக்கப் பெண் என்றால் எந்தப் புள்ளியியலும் காப்பாற்றாது; புதிதாக எலிகள் வேண்டும். அப்புறம், எலியின் கொலஸ்ட்ரால் இரத்தத்தில் பெரும்பாலும் எச்டிஎல் என்ற கொழுப்புப் புரதத் துகளில் பயணிக்கிறது, நமக்கு எல்டிஎல் என்ற வேறு துகளில். முடிவை அப்படியே மனிதருக்கு நீட்டிவிடாதீர்கள்.