உள்ளே இருக்கும் ரகசியம் வெளியே வந்துவிடுமா?

கேள்வி: என் வயது 36. நான்கு வருடமாக வயிற்று வலி, காலையில் மூன்று நான்கு தடவை கழிப்பறை. கொலனோஸ்கோபி, ஸ்கேன் எல்லாம் நார்மல். ஐ.பி.எஸ். (இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம், அதாவது குடல் எரிச்சல் நோய்) என்று சொன்ன குடல் டாக்டர், மாத்திரை கேட்காததால் ஹிப்னோதெரபி போகச் சொல்கிறார். மயக்கத்தில் குடும்ப விஷயங்களை உளறிவிடுவேனோ என்று பயம். கணவரின் நண்பர் சொன்ன சென்டரில் பத்து சிட்டிங்குக்கும் பணத்தை முன்கூட்டியே கேட்கிறார்கள். கட்டலாமா? - வாசகி, திருப்பூர்

பதில்: கட்டாதீர்கள். காரணம் பிறகு சொல்கிறேன், முதலில் உங்கள் பயம்.

ஹிப்னோதெரபியில் வருவது மயக்கம் இல்லை. தமிழில் அறிதுயில் என்போம். பாற்கடலில் பெருமாள் கொள்ளும் துயிலுக்கு உள்ள பெயர் அது. கண் மூடியிருக்கும், அறிவு விழித்திருக்கும். தெருவில் ஹாரன் அடித்தால் உங்களுக்குக் கேட்கும். சொல்ல விரும்பாததை நீங்கள் சொல்ல மாட்டீர்கள். அதுவும் வயிற்றுக்கான சிகிச்சையில் பேசுவது பெரும்பாலும் சிகிச்சை தரும் நாங்கள்தான்.

முதல் நாள் வெறும் பேச்சு: என்ன சாப்பிட்டால் வலி, எப்போது வலி. அடுத்த முறை நாற்காலியில் சாய்ந்து, மூச்சைக் கவனித்து, உடம்பைத் தளர்த்துவீர்கள். உள்ளங்கையை வயிற்றில் வைத்து அந்தச் சூடு உள்ளே இறங்குவதாகவும், கலங்கி ஓடும் ஆறு மெல்லத் தெளிவதாகவும் நினைக்கச் சொல்வோம். பிறகு எண்ணிக்கை சொல்லி எழுப்புவோம். வீட்டில் தினமும் கேட்க ஆடியோ தருவோம். அதைக் கேட்காதவர்களுக்குப் பலன் குறைவு. 1984-லேயே மான்செஸ்டரில் 30 ஐ.பி.எஸ். நோயாளிகளிடம் சோதித்துப் பலன் கண்ட முறை இது. ஓரிரு சிட்டிங்கில் வலி போய்விடும் என்று எதிர்பார்க்காதீர்கள். மூன்று மாதம் ஆகும்.

சரி, அந்த சென்டர். சிகிச்சை ஒத்துவருகிறதா என்று பார்க்கும் முன்பே பத்துக்குப் பணம் வாங்குவது சிகிச்சை இல்லை, சீட்டுக் கம்பெனி. "வயிற்று வலிக்குக் காரணம் போன ஜென்மம்" என்று யாராவது ஆரம்பித்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். அறிதுயில் நிலையில் மனம் கதை கட்டும். கட்டிய கதை நினைவாகவே ஒட்டிக்கொள்ளும். 2003-ல் மத்திய அரசு ஹிப்னோதெரபியைப் பதிவுபெற்ற மருத்துவர்களோ, தகுந்த பயிற்சி பெற்றவர்களோ செய்யலாம் என்றது. தகுந்த பயிற்சி என்றால் எத்தனை நாள்? அதை யார் கேட்டார்கள்! சனி, ஞாயிறு வகுப்பில் வாங்கிய சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டி, நண்பர்கள் மூலம் ஆள் பிடிக்கிறார்கள். ஆள் அனுப்புகிறவருக்குக் கமிஷனும் உண்டு. உங்கள் கணவரின் நண்பரைச் சொல்லவில்லை, ஆனாலும் கேட்டுப் பாருங்கள். சிகிச்சை தருபவர் மனநல மருத்துவராக இருக்க வேண்டும், இல்லை ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவுள்ள கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டாக இருக்க வேண்டும். பதிவு எண் கேட்டால் கோபிப்பவர் வேண்டவே வேண்டாம்.

ஒரு விஷயத்தை மட்டும் மறைக்காதீர்கள். ஆளில்லாமல் குரல் கேட்டது, செய்வினை வைத்துவிட்டார்கள் என்ற அசையாத சந்தேகம், இந்த மாதிரி எப்போதாவது இருந்திருந்தால் முதல் நாளே சொல்லுங்கள். பத்து வருடத்துக்கு முந்தியது என்றாலும், மாத்திரையில் அடங்கிவிட்டது என்றாலும், பிரசவத்துக்குப் பின் சில வாரம்தான் என்றாலும் சொல்லுங்கள். அப்படி இருந்தவர்களுக்கு ஹிப்னோதெரபி நிலைமையைக் கெடுத்துவிடலாம். முதலில் மனநல மருத்துவர் பார்க்க வேண்டும்.

சிட்டிங் முடிந்ததும் கொஞ்ச நேரம் தூக்கக் கலக்கமாக இருக்கும். ஸ்கூட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு, கணவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.