சிங்க் அலமாரியின் அடிப்பலகை உப்பிவிட்டால்

சிங்க் அலமாரியின் அடிப்பலகை உப்பி, பின்மூலை கறுத்துவிட்டது, மேலே புது லேமினேட் ஒட்டினால் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். உப்பிய பலகைமேல் லேமினேட் ஒட்டினால் நிற்காது. சிப்போர்டு (மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) ஒருமுறை தண்ணீர் குடித்து ஊதிவிட்டால், காய்ந்தாலும் பழைய தடிமனுக்குத் திரும்பாது. அந்தப் பலகையை மட்டும் மாற்றுங்கள். பக்கப் பலகைகளை விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் அவற்றைத் தொடவே வேண்டாம். முழு அலமாரியையும் மாற்றச் சொல்லும் கான்ட்ராக்டருக்கு அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள்.

பின்மூலைதான் கறுத்திருக்கிறது என்கிறீர்கள். பெரும்பாலும் சிங்க்கின் அடியில் கழிவுநீர்க் குழாயில் இருக்கும் பாட்டில் வடிவப் பகுதியின் (பாட்டில் ட்ராப்) வாஷர் தேய்ந்திருக்கும். எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் டிஷ்யூ சுற்றுங்கள். சிங்க்கை நிரப்பி, அடைப்பானை ஒரேயடியாக எடுங்கள். குழாயைச் சும்மா திறந்துவிட்டால் தெரியாத கசிவு இதில் தெரிந்துவிடும். டிஷ்யூ நனையவில்லையா? அப்புறம் சிங்க் ஓரத்துச் சிலிகான்மேல் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

கசிவை நிறுத்தியதும் கதவைத் திறந்து ஃபேன் வையுங்கள். சிங்கப்பூர் ஈரக்காற்றில் தானாகக் காயும் என்று விட்டால் பூஞ்சைதான் வரும். புதுப் பலகைக்கு, ஈரத்தைத் தாங்கும் மரைன் பிளைவுட் வாங்குங்கள். வெட்டிய விளிம்புகளுக்கெல்லாம் வார்னிஷ் அடியுங்கள், குறிப்பாகக் குழாய் நுழையும் ஓட்டையின் உள்விளிம்புக்கு. பலரும் விட்டுவிடுவது அந்த இடத்தைத்தான், தண்ணீர் முதலில் ஏறுவதும் அங்கேதான்.

ஒன்று மட்டும்: பின்சுவரே ஈரமாக இருந்தால் பலகை வேலையைத் தொடங்காதீர்கள். சுவருக்குள் குழாய் கசியலாம். அதற்குச் சிங்கப்பூரின் தேசியத் தண்ணீர் அமைப்பான பியூபியின் (PUB) உரிமம் பெற்ற பிளம்பரைக் கூப்பிடுங்கள்.